மானியமும் மண்ணும்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெறும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அக்கடன் எதற்கு என்பதைக் குறிப்பிட்டே பெறுகின்றனர். உரத்துக்கென்று வாங்கிய பணம் உரத்துக்கும், நூலுக்கென்று வாங்கிய பணம் நூலுக்கும் செலவாக வேண்டும் என்பது சங்கத்தின் விதி. பணம் பொதுப் பணம். ஆகவே அது எவ்வழியில் செல்கிறது என்று கேட்கும் உரிமையும் எல்லோருக்கும் உண்டு.

இவ்விதியை ஒரு தேசம் முழுவதற்கும் விரித்துப் பார்ப்போமாக. மக்களின் வரிப் பணத்திலிருந்து விவசாயிக்கு மானியம் அளிக்கும் சர்க்கார், “இப்பணத்தைப் பெறுகிறவர் தம் நிலத்தின் மண்ணை அழிய விடலாகாது” என்று நிபந்தனை விதிக்கலாமா? விதித்தால் அதை நிறைவேற்றுவோர் யார்? மீறினவர்களை என்ன செய்வது? இக்கேள்விகளுக்கு விடை காண ஐக்கிய அமெரிக்க நாடு ஏறக்குறைய 90 ஆண்டுகளாக முயன்று வந்திருக்கிறது. அம்முயற்சியில் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. இரண்டும் நாம் கற்கத் தக்கவை.

1. புழுதி எழுந்த காலம்

அமெரிக்காவின் நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் பெருஞ் சமவெளி மழை குறைந்த பூமி. காற்று மிகுந்த பூமி. பன்னெடுங் காலமாக அங்கே மண்ணைப் பிடித்து நிறுத்தியவை ஆழ வேரோடிய புற்களேயாகும். முதல் உலக யுத்தத்தின்போது கோதுமை விலை உயர்ந்தது. பின்னர் டிராக்டர்களும் பெருகின. புல்வெளி லட்சக்கணக்கான ஏக்கரில் கீறி உழப்பட்டது. 1930-க்குப் பின் விலை வீழ்ந்தது. மழையும் தொடர்ந்து பொய்த்தது. பயிருமில்லாமல் புல்லுமில்லாமல் கிடந்த மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போயிற்று.

கான்ஸாஸ், ஒக்லஹோமா, டெக்ஸாஸ், கொலராடோ, நியூ மெக்ஸிகோ ஆகிய மாநிலங்களின் பகுதிகள் இத்துன்பத்தில் முதன்மையாக அகப்பட்டன. 1934 மே மாதத்தில் எழுந்த ஒரு புழுதிப் புயல் கிழக்குக் கரையிலுள்ள நியூயார்க், வாஷிங்டன் நகரங்களையும் மூடி, அட்லாண்டிக் கடலில் சென்ற கப்பல்களின் மீதும் படிந்தது. 1935 ஏப்ரல் 14-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலை இருளாக்கிய புயல் இன்றும் அந்நாட்டில் ‘கறுப்பு ஞாயிறு’ என்றே வழங்கப்படுகிறது.

ஹியூ ஹாமண்ட் பென்னட் என்ற மண்ணியல் அறிஞர், மண் அரிப்பு தேசத்துக்கே ஆபத்து என்று பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தார். புழுதி தலைநகரின் வீதிக்கே வந்த பிறகு அவருடைய சொல்லுக்கு மதிப்பு ஏற்பட்டது. 1935 ஏப்ரல் 27-ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மண் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன்படி வேளாண்மைத் துறையில் மண் பாதுகாப்புச் சேவை என்ற இலாகா ஏற்பட்டது. பென்னட் அதன் தலைவரானார்.

2. முதல் இணைப்பு

அதே காலத்தில் வேறொரு துன்பமும் விவசாயிகளை வாட்டிற்று. விளைபொருள் தேவைக்கு மேல் பெருகியதால் விலை படுவீழ்ச்சி அடைந்தது. 1933-ஆம் ஆண்டின் விவசாயச் சீரமைப்புச் சட்டம், விளைச்சலைக் குறைப்பவர்களுக்குப் பணம் அளித்தது. அவ்வாண்டு வளர்ந்து நின்ற பருத்தியையே ஏறக்குறைய ஒரு கோடி ஏக்கரில் உழுது அழித்தார்கள். நூலுக்கும் துணிக்கும் ஏங்குவோர் உள்ள உலகில் இது எவ்வளவு வேதனையான காட்சி என்பதை நெசவாளருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றோர் அநீதியும் நேர்ந்தது. பணம் பெரும்பாலும் நிலச்சொந்தக்காரர் கைக்கே சென்றது. நிலத்தின் ஒரு பகுதியைத் தரிசாக விட்டவுடன், அங்கே வாரத்துக்குப் பயிரிட்டு வந்த குடும்பங்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. பலர் வெளியேற்றப்பட்டனர். இக்கொடுமையை எதிர்த்து 1934-இல் ஆர்க்கன்ஸா மாநிலத்தில் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றுகூடித் தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தை நிறுவினர்.

1936 ஜனவரி 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், விளைச்சலைக் கட்டுப்படுத்துவது தேசிய சர்க்காரின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று கூறி இச்சட்டத்தின் அடிப்படையைத் தகர்த்தது. விவசாயிக்கு உதவியாக வேண்டும். ஆனால் பழைய வழி அடைபட்டுவிட்டது. இரண்டு மாதத்துக்குள் காங்கிரஸ் சபை புதிய வழி கண்டது. பருத்தி, கோதுமை, மக்காச்சோளம் போன்றவை மண்ணின் சத்தை உறிஞ்சும் பயிர்கள் என்றும், புல்லும் அவரையினப் பயிர்களும் மண்ணைக் காப்பவை என்றும் வகுத்து, முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறுவோருக்கு உதவித் தொகை அளிக்க 1936-ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. மானியமும் மண் பாதுகாப்பும் ஒரே சட்டத்தில் கைகோத்தது இப்பொழுதுதான்.

எனினும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சபையினரில் பலருக்கு விலையைக் காப்பதே முதல் நோக்கம். மண்ணைக் காப்பது அதற்குக் கிடைத்த வாகனம். விலை உயர்ந்தால் வாகனத்தை விட்டு இறங்கிவிடுவார்கள் அல்லவா? பின்னால் நடந்தது அதுவே.

3. மண் வங்கியும் அதன் முடிவும்

1956-இல் ‘மண் வங்கி’ என்ற திட்டம் வந்தது. நிலத்தை 3 முதல் 10 ஆண்டு வரை பயிரிடாமல் புல்லோ மரமோ வைத்துக் காப்பதாக ஒப்பந்தம் செய்யும் விவசாயிக்குச் சர்க்கார் ஆண்டுதோறும் வாடகை செலுத்திற்று. 1960-இல் இவ்வாறு காக்கப்பட்ட நிலம் 2 கோடியே 87 லட்சம் ஏக்கர். சிலர் பண்ணை முழுவதையுமே ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டு ஊரைவிட்டுச் சென்றனர். அதனால் விதை விற்பவரும் உரம் விற்பவரும் தானியக் கிடங்கு நடத்துபவரும் பிழைப்பிழந்தனர், சிற்றூர்கள் வாடின.

ஒப்பந்தங்கள் முடிந்தபின், தென் மாநிலங்களில் நட்ட பைன் மரங்கள் பெரும்பாலும் நிலைத்தன. சமவெளியின் புல்லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1972-இல் சோவியத் நாடு அமெரிக்கத் தானியத்தை ஏராளமாக வாங்கியது, விலை ஏறியது. வேலி ஓரம் வரை உழுது விதைக்குமாறு சர்க்காரே ஊக்கமளித்தது. காற்றுத் தடுப்பு மரங்கள் வெட்டப்பட்டன, சரிவுகள் உழப்பட்டன. சர்க்கார் ஒரு கையால் மண் பாதுகாப்புக்குப் பணம் தந்து, மறு கையால் மண்ணை அழிக்கும் உழவுக்கும் பணம் தந்துகொண்டிருந்தது. 1982-இல் எடுத்த தேசியக் கணக்கின்படி, பயிர் நிலங்களிலிருந்து நீரும் காற்றும் அரித்த மண் ஆண்டுக்கு 300 கோடி டன்னுக்கும் மேல்.

4. 1985-ஆம் ஆண்டுச் சட்டம்

இந்த முரண்பாட்டை நீக்க வந்ததே 1985 டிசம்பர் 23-ஆம் தேதி ஜனாதிபதி ரீகன் கையொப்பமிட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் பன்னிரண்டாம் பகுதியில் நான்கு முக்கிய ஏற்பாடுகள் உள்ளன.

முதலாவது, பயிர் நில நிபந்தனை. எளிதில் அரிபடும் நிலத்தில் ஏற்கெனவே பயிரிட்டு வருவோர் 1990-க்குள் மண் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வகுத்துக்கொண்டு, 1995-க்குள் அதை முழுவதும் நிறைவேற்ற வேண்டும்.

இரண்டாவது, புதுநில நிபந்தனை. அத்தகைய நிலத்தைப் புதிதாக உழுது சாகுபடிக்குக் கொண்டுவருவோர், முதல் பயிரிலிருந்தே பாதுகாப்புத் திட்டத்துடன் பயிரிட வேண்டும்.

மூன்றாவது, சதுப்பு நில நிபந்தனை. மழை நீரைத் தேக்கி வைத்து, வெள்ளத்தைத் தணித்து, பறவைகளுக்கு இருப்பிடமாகும் சதுப்பு நிலத்தை வடித்துப் பயிரிடலாகாது. 1990-ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மேலும் இறுக்கி, பயிரிடுவதற்கு ஏற்றவாறு வடித்துவிட்டாலே குற்றம் என்று ஆக்கியது.

நான்காவது, பாதுகாப்பு ஒதுக்கு நிலத் திட்டம். அரிபடும் நிலத்தை 10 முதல் 15 ஆண்டு வரை புல்லுக்கோ மரத்துக்கோ விடுவோருக்கு ஆண்டு வாடகையும், புல்லும் மரமும் வைக்கும் செலவில் ஒரு பாதியும் அளிக்கப்படும். மண் வங்கியால் ஊர்கள் வாடிய அனுபவத்தை மனத்திற்கொண்டு, ஒரு வட்டாரத்தின் பயிர் நிலத்தில் கால் பங்குக்கு மேல் பொதுவாக இதில் சேரலாகாது என்றும் வரையறுத்தார்கள்.

முதல் மூன்றும் தண்டனையின் பாற்பட்டவை. நான்காவது வெகுமதியின் பாற்பட்டது. தண்டனை என்றாலும் சிறையோ அபராதமோ இல்லை. தன் நிலத்தை எப்படி வேண்டுமாயினும் உழும் உரிமையைச் சட்டம் பறிக்கவில்லை. மண்ணை அழிப்பவருக்குப் பொதுப் பணம் இல்லை என்று மட்டுமே கூறுகிறது. அரிபடும் நிலத்தில் ஒரு வயலில் விதி மீறினாலும், அவர் பயிரிடும் நிலம் முழுவதற்குமுரிய சலுகைகள் அற்றுப்போகக் கூடும்.

5. அளப்பது எப்படி?

‘எளிதில் அரிபடும் நிலம்’ என்பதை வாய்ச்சொல்லால் தீர்மானித்தால் வழக்குக்கு முடிவிராது. ஆகவே சட்டம் ஒரு கணக்கைக் கையாளுகிறது. மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளம், அதன் செங்குத்து ஆகியவற்றைக் கொண்டு, பாதுகாப்பு ஏதுமின்றி விட்டால் ஓர் ஏக்கரிலிருந்து ஆண்டுக்கு எத்தனை டன் மண் போகும் என்று கணிக்கிறார்கள். காற்று மிகுந்த இடங்களில் காற்றரிப்புக்கும் இத்தகைய கணக்கு உண்டு. விளைவு குன்றாமல் அம்மண் எத்தனை டன் இழப்பைத் தாங்கும் என்பது மற்றோர் எண்; இது மண்ணுக்கேற்ப 1 முதல் 5 டன் வரை இருக்கும். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்து வரும் ஈவு 8 அல்லது அதற்கு மேலாயின், அது எளிதில் அரிபடும் நிலம்.

உதாரணமாக, ஒரு சரிவு நிலத்தில் 40 டன் மண் போகக்கூடும். அம்மண் தாங்கும் அளவு 5 டன். 40-ஐ 5-ஆல் வகுத்தால் 8. ஆகவே அந்நிலம் சட்டத்துக்கு உட்பட்டது. ஒரு வயலில் மூன்றில் ஒரு பங்கோ, 50 ஏக்கரோ இத்தகைய மண்ணாக இருந்தால், வயல் முழுவதும் அவ்வாறே கருதப்படும்.

இங்கே வேறொன்றும் சிந்திக்கத் தக்கது. அமெரிக்க டன் என்பது ஏறத்தாழ 907 கிலோ. ஏக்கருக்கு 5 டன் என்பதைப் பரப்பிப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. உழவன் கண்ணுக்கு அது தென்படாது. கண்ணுக்குத் தெரியாத நஷ்டத்தை அளந்து காட்டுவதே இக்கணக்கின் பெரும் பயன்.

நடைமுறை பின்வருமாறு: சலுகை கோரும் விவசாயி, தாம் இந்நிபந்தனைகளுக்கு உட்பட்டு நடப்பதாக வட்டார அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கிறார். வல்லுநர் நிலத்தைப் பார்த்துத் திட்டம் வகுக்க உதவுகிறார். அறுவடைக்குப் பின் தாள்களை நிலத்திலேயே விட்டுவைத்தல், சரிவுக்குக் குறுக்கே உழுதல், படிவரப்பு இடுதல், நீர் ஓடும் வழியில் புல் வளர்த்தல் முதலியவை திட்டத்தில் இடம் பெறும். தொடக்கத்தில் அரிப்பை மண் தாங்கும் அளவுக்கே குறைக்க வேண்டும் என்று எண்ணினர். அது பலருக்கு இயலாதென்று கண்டு, பழைய பயிர் நிலங்களில் கணிசமாகக் குறைத்தாலே போதும் என்று தளர்த்தினர். சலுகைகளை நடத்தும் வட்டாரக் குழுக்களின் உறுப்பினர்களை அவ்வட்டாரத்து விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது கூட்டுறவு அன்பர்கள் குறித்துக்கொள்ளத் தக்கது.

6. கண்ட பலன்

1982-இல் ஏறத்தாழ 306 கோடி டன்னாக இருந்த பயிர் நில மண் அரிப்பு, 2007-இல் 173 கோடி டன்னாகக் குறைந்தது. நூற்றுக்கு 43 பங்கு குறைவு. இவ்வளவும் சட்டத்தின் பலன் என்று கூறுவது சரியன்று. உழவைக் குறைத்து விதைக்கும் புதிய முறைகளும், களைக்கொல்லிகளும், எரிபொருள் செலவை மிச்சப்படுத்தும் எண்ணமும் அதில் பங்கு கொண்டன. வேளாண்மைத் துறையின் பொருளாதார ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1982 முதல் 1997 வரை ஏற்பட்ட குறைவில் கால் பங்கு வரை நிபந்தனைகளின் பயனாக இருக்கலாம். கால் பங்கு என்பது சிறிதன்று.

ஒதுக்கு நிலத் திட்டத்தில் சேர்ந்த நிலம் 2007-இல் 3 கோடியே 68 லட்சம் ஏக்கரை எட்டியது. அதன் பின் மக்காச்சோளம், சோயா மொச்சை ஆகியவற்றின் விலை உயர்ந்தது. ஒப்பந்தம் முடிந்த நிலங்களில் பல மீண்டும் உழவுக்குத் திரும்பின. சட்டமும் உச்ச வரம்பைத் தாழ்த்திற்று. 2014-இல் வகுத்த வரம்பு 2 கோடியே 40 லட்சம் ஏக்கர். 2018-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் படிப்படியாக 2 கோடியே 70 லட்சத்துக்கு உயர்த்தியது.

7. கயிறு தளர்ந்த இடங்கள்

முதல் குறை, சலுகையின் மதிப்பிலேயே உள்ளது. மானியம் பெரிதாக இருந்தால் அதை இழக்க அஞ்சி விவசாயி நிபந்தனைக்குக் கட்டுப்படுவார். சந்தை விலை உயர்ந்து மானியம் சிறிதாகிவிட்டால், “உங்கள் மானியமும் வேண்டாம், நிபந்தனையும் வேண்டாம்” என்று கூறிவிடலாம். மண்ணுக்கு ஆபத்து மிகுவது விலை உயர்ந்த காலத்தில். நிபந்தனை தளர்வதும் அதே காலத்தில்.

இரண்டாவது குறை, சட்டமே விட்ட இடைவெளி. பயிர் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் பெரும்பகுதியைச் சர்க்கார் ஏற்கிறது. சராசரியாக நூற்றுக்கு 60 பங்கு அளவில் இவ்வுதவி அமைந்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இதையும் நிபந்தனைக்கு உட்படுத்தியிருந்தது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இதை விலக்கிவிட்டது. அதற்குப்பின் இன்ஷூரன்ஸே மிகப் பெரிய உதவியாக வளர்ந்தது. நிபந்தனையோ அதைத் தொடாமல் நின்றது. 2014-இல் நேரடித் தொகைகள் நிறுத்தப்பட்டபோது, நிபந்தனைக்கு இருந்த பிடிப்பு மேலும் குறையும் நிலை வந்தது. எனவே அச்சட்டம் பிரீமிய உதவியை மீண்டும் நிபந்தனையுடன் பிணைத்தது. 18 ஆண்டுக்காலம் ஒரு கதவு திறந்தே கிடந்தது.

மூன்றாவது குறை, மேற்பார்வை. காங்கிரஸ் சபையின் கணக்காய்வு அலுவலகம் 2003-இல் அளித்த அறிக்கையில், மண் பாதுகாப்பு இலாகாவின் கள அலுவலகங்களில் ஏறத்தாழப் பாதி சட்டத்தைச் சரிவர நிறைவேற்றவில்லை என்று கண்டறிந்தது. ஆள் போதவில்லை, மேலதிகாரிகள் வற்புறுத்தவில்லை, விவசாயிக்கு ஆலோசகராக இருந்தவர் அவருக்கே காவலராக மாறத் தயங்கினார். 1993 முதல் 2001 வரை குற்றம் கண்டு சலுகை மறுக்கப்பட வேண்டியிருந்தவற்றில் நூற்றுக்கு 61 நிகழ்ச்சிகளில் விலக்கு அளிக்கப்பட்டது. பல விலக்குகளுக்குத் தக்க காரணம் காட்டப்படவில்லை. நல்லெண்ணத்தோடு தவறியவரை மன்னிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அது வேண்டியதே. ஆனால் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் தவறினார்கள் என்றால், விதி எழுதியதன் பயன் யாது?

நான்காவது, குத்தகைப் பிரச்சினை. படிவரப்பு இடுவதன் பலன் பல ஆண்டுகள் கழித்து வரும். ஓராண்டுக் குத்தகைக்காரருக்கு அப்பலன் கிட்டுமா என்பது நிச்சயமில்லை. நிலச்சொந்தக்காரரோ தொலைவில் இருக்கக்கூடும். மண்ணைக் காப்பவர் ஒருவர், பயனைக் காண்பவர் வேறொருவர் என்று இருக்குமிடத்தில், எந்த மானியமும் அரைப் பலனையே தரும்.

8. நாம் கொள்ளும் கருத்து

ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒரு முறை இயற்றப்படும் இச்சட்டம் ஒவ்வொரு தடவையும் சபையில் பெரும் விவாதத்துக்கு உள்ளாகிறது. 2018-ஆம் ஆண்டுச் சட்டம் 2023-இல் காலாவதியானபோது புதிய சட்டம் உருவாகாமையால், அவ்வாண்டிலும் 2024-இலும் ஓராண்டு நீட்டிப்புகள் அளிக்கப்பட்டன. கட்சிகள் மாறினும், தொகைகள் மாறினும், மண்ணைக் காப்பதற்கும் பொதுப் பணத்துக்கும் சம்பந்தம் உண்டு என்ற கொள்கை 1985 முதல் நிலைத்து நிற்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து தெளிவாகும் உண்மை இது: நிபந்தனையின் பலம் மூன்று தூண்களின் மீது நிற்கிறது. பெறுகிறவர் இழக்க விரும்பாத அளவுக்கு உதவி பயனுள்ளதாக இருக்க வேண்டும். விதி மீறல் அளந்து காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். முகம் பாராமல் அதை நிறைவேற்றுவோர் இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று சாய்ந்தாலும் காகிதத்திலுள்ள விதி காகிதத்திலேயே இருந்துவிடும்.

மூன்றாவது தூண் கூட்டுறவாளர்களுக்குப் புதிதன்று. நாமே தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு, நம் அண்டை வீட்டாரின் தவணை தவறியதை விசாரிக்கும்போது எழும் சங்கடத்தை அறியாத சங்கம் உண்டோ? அறிந்தவர் என்பதற்காக ஒருவரை விட்டுவிட்டால், அவ்விழப்பு ஒழுங்காகச் செலுத்துபவர் மீது விழுகிறது. மண் விஷயத்தில் அவ்விழப்பு இன்னும் பிறவாத தலைமுறையின் மீது விழுகிறது. அவர்கள் வந்து நம் பொதுக்குழுவில் கேள்வி கேட்க முடியாது. ஆகவே அவர்கள் சார்பில் நாமே கேட்க வேண்டும்.

கல்வி வட்டத்தில் கலந்து பேசுவதற்கான வினாக்கள்

1. ஒரு நிலத்தில் ஆண்டுக்கு 24 டன் மண் போகக்கூடும். அம்மண் தாங்கும் அளவு 4 டன். அது எளிதில் அரிபடும் நிலமா? தாங்கும் அளவு 3 டன் ஆனால் விடை மாறுமா?

2. 1936-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் உள்ள முக்கிய வேற்றுமை யாது?

3. விதி மீறியவரை மன்னிக்கும் அதிகாரம் குழுவுக்கு இருக்க வேண்டுமா? இருப்பின், அதற்கு என்ன வரம்பு வைப்பீர்கள்?

4. குத்தகைக்குப் பயிரிடுபவர் மண்ணைக் காப்பதற்கு உற்சாகம் பெற, குத்தகைப் பத்திரத்தில் எத்தகைய ஷரத்துக்களைச் சேர்க்கலாம்?